உப்புக் கரித்த சனிக்கிழமை

ரிச்சர்ட்ஸ் டவுனில் பியானோ கற்றுக்கொடுத்துவந்த கிரேஸ் தியோடர் வீட்டில் எல்லம்மா சமையல் வேலை பார்த்தாள். ஜோகுபாளையத்திலிருந்து காலையில் நடந்தே வந்துவிடுவாள். மற்ற நாட்களில் சோறும் குழம்பும்தான். சனிக்கிழமை மட்டும் வேலை வேறு. அன்று மத்தியானம் மாணவிகள் தாய்மாரோடு வருவார்கள். ஆளுக்கொன்று வாசித்துக் காட்டியதும் தேநீர்.

அதற்கென்றே தனிப் பாத்திரங்கள் இருந்தன. நாற்பத்தேழில் ஊரைக் காலிசெய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்கார அம்மாள் டீச்சருக்குக் கொடுத்தவை. வெள்ளைக் கோப்பைகளைச் சுற்றி ஐந்து கோடுகள், கோடுகளின் மேல் கறுப்பு இசைக்குறிகள். தட்டுகளின் விளிம்பு பியானோ கட்டைகளைப் போலவே இருக்கும். சர்க்கரைக் கிண்ணம் பேண்டுக்காரர்கள் அடிக்கும் டிரம் மாதிரி. தின்பதும் இதற்கு ஏற்றாற்போல் இருக்கட்டுமென்று டீச்சர் அல்சூரில் ஒரு தகரக் கடைக்காரரிடம் இசைக்குறி வடிவத்தில் அச்சு செய்யச் சொல்லி வாங்கிவந்தார். எல்லம்மா அந்த அச்சில் வெண்ணெய் பிஸ்கட் வெட்டுவாள். கேக்கின் மேல் கோகோ குழைத்து ஐந்து கோடு இழுப்பாள். அவளுக்கு அந்தக் குறிகள் தலைப்பிரட்டைகள். நாளடைவில் டீச்சரும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஐம்பத்துநாலாம் வருஷம் ஒரு திங்கட்கிழமை காலையில் எல்லம்மாவின் கணவன் முனியப்பன் சைக்கிளில் வேலைக்குப் போகையில் பழைய மெட்ராஸ் ரோட்டில் லாரி மோதி இறந்துபோனான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. முனியப்பனின் தங்கை ஜானகிதான் விழுந்து புரண்டு அழுதாள். தெருப் பெண்கள் எல்லம்மாவைக் கட்டிக்கொண்டு மாரடித்தார்கள். அவள் அடுப்பங்கரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அங்கே கவிழ்த்து வைத்திருந்த ஈயச் சட்டியின் அடியில் கரி சரியாகப் போகவில்லை என்பது மட்டும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. அழுதுவிடு, அழுதால்தான் மனசு ஆறும் என்று ஒவ்வொருத்தியாக வந்து சொன்னார்கள். அவளும் முயன்று பார்த்தாள். வரவில்லை. புருஷன் செத்தும் கண் கலங்காதவள் என்று வாசலில் பேச்சு எழுந்தது. அதுவும் காதில் விழுந்தது, ஆனால் அவளை ஒன்றும் செய்யவில்லை.

காரியம்கூட முடியவில்லை. அந்தச் சனிக்கிழமை விடிந்ததும் எழுந்து குளித்து வேலைக்குக் கிளம்பிவிட்டாள். ஜானகி வாசலை மறித்து நின்று ஊர் என்ன பேசும் என்று கேட்டாள். எல்லம்மா அவளைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனாள்.

டீச்சர் கதவைத் திறந்ததும் திடுக்கிட்டு, இன்றைக்குத் தேநீரே வேண்டாம், வீட்டுக்குப் போ என்றார்.

“வீட்ல எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துனு இருக்கறாங்கம்மா,” என்றாள் எல்லம்மா. “இங்க இருக்கறேன்.”

டீச்சர் ஒதுங்கி வழிவிட்டார்.

கை தானாகவே வேலை செய்தது. மாவு சலித்தாள், வெண்ணெய் தேய்த்தாள், அச்சில் வெட்டி, கரி அடுப்பின் மேல் வைத்த தகர ஓவனில் அடுக்கினாள். மத்தியானம் தட்டு கூடத்துக்குப் போனது. ஒரு மாணவியின் தாய் முதல் கடி கடித்ததும் முகத்தைச் சுளித்து, “என்ன டீச்சர், ஒரே உப்பா...” என்று ஆரம்பித்தார். பொடித்த சர்க்கரைக்குப் பதில் பக்கத்து ஜாடியிலிருந்த பொடி உப்பு விழுந்திருந்தது.

கிரேஸ் டீச்சர் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து முழுவதும் மென்று விழுங்கினார். பிறகு பியானோ முன் உட்கார்ந்திருந்த பெண்ணை வாசிக்கச் சொன்னார். சிறுமிகள் சிலர் தங்கள் பிஸ்கட்டைக் கோப்பைக்குப் பின்னால் ஒளித்தார்கள்.

கதவோரம் நின்ற எல்லம்மா சமையலறைக்குத் திரும்பி, மீந்ததில் ஒன்றை வாயில் போட்டாள். உப்பும் தெரியவில்லை, இனிப்பும் தெரியவில்லை. மண்ணை மெல்லுவது போல் இருந்தது. அன்று காலை குடித்த காபியும் அப்படித்தான் இருந்தது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எல்லோரும் போனபின் டீச்சரிடம் வந்து சொன்னாள்.

“நாக்கு செத்துப்போச்சும்மா. வேற ஆள் வெச்சுக்குங்க.”

“வேற யாரும் வேண்டாம்,” என்றார் டீச்சர். “நான் ருசி பாத்துச் சொல்றேன். நீ செய்.”

அதன்பிறகு சனிக்கிழமைகளில் டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டுச் சமையலறைக்கு வருவார். மாவில் ஒரு சிட்டிகை கிள்ளி வாயில் போடுவார், தலையசைப்பார், போவார். அதற்குமேல் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. நாக்குக்கு ருசி எப்போது திரும்பியது என்று எல்லம்மாவுக்கே தெரியாது. ஒருநாள் ரசத்தில் புளி தூக்கலாக இருப்பதாக அவளே சொன்னாள். டீச்சர் சற்று நேரம் அவளைப் பார்த்தார். மறு சனிக்கிழமை முதல் அவர் சமையலறைக்கு வரவில்லை.

அறுபத்திரண்டில் டீச்சர் வீட்டைக் காலிசெய்து கோயமுத்தூரிலிருந்த தம்பியிடம் போய்விட்டார். கோப்பைகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தவள் எல்லம்மாதான். வண்டி புறப்பட்டபோதும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கேட்டைச் சாத்திவிட்டு நடந்தாள். பிறகு ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையலுக்குச் சேர்ந்தாள்.

அதற்கு அடுத்த வருஷம் ஜானகியை அவள் புருஷன் விரட்டிவிட்டான். ஒரு துணி மூட்டையோடு வந்து நின்றவளை எல்லம்மா உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டாள். மூட்டையை வைக்கத் தன் பெட்டியை நகர்த்தி இடம் பண்ணினாள். சேர்ந்து இருக்க ஆரம்பித்துச் சில மாதங்களுக்குப் பிறகு ஒரு சாயங்காலம், கீரை ஆய்ந்துகொண்டிருக்கையில் ஜானகி கேட்டாள்.

“அண்ணி, எங்கண்ணன் செத்தப்போ நீ ஏன் அழல?”

“வர்ல, ஜானகி. நான் வராதேன்னு சொல்லல.”

ஜானகி கீரைத் தண்டுகளைக் கூட்டித் தெருவிலிருந்த ஆட்டுக்குப் போட்டுவிட்டு வந்து, விளக்கை ஏற்றினாள்.