பேசாலைக்கு மீன் கொண்டு போனவன்

நுளம்பு ஒழிப்பு, அதாவது கொசு ஒழிப்பு உத்தியோகம் என்பது, ஊரில் காய்ச்சல் வந்தால் "நீ என்னத்தைக் கிழிச்சனி?" என்றும், வராவிட்டால் "உனக்கு இங்க என்ன வேலை?" என்றும் ஏச்சு வாங்குகிற தொழில். கிணறு கிணறாக எட்டிப் பார்த்து, அகப்பையால் தண்ணீர் கோலிப் புழுத் தேடிய என் சக பாவிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் மன்னாரில் அந்த வேலைக்கு நான் தற்காலிகமாகச் சேர்ந்தேன். கொழும்பிலிருந்து வந்த டொக்டர் துரை முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். மாரி முடிய வருவாராம். மீன்பிடி ஊரான பேசாலையின் கிணறுகளில் நுளம்புப் புழு இல்லை, பிள்ளைகளின் வயிற்றில் காய்ச்சல் கட்டி வற்றியிருக்கிறது என்றால் வேலை நிரந்தரம், மேற்படிப்பும் உண்டு. இல்லையென்றால் முருங்கனில் என் அப்புவின் வயலுக்கே திரும்பிப் போகலாம். எனக்கு வயல் என்றாலே வேப்பங்காய்!

வயிறு பார்த்த படலம்

மலேரியா விடாமல் அடித்தால் பிள்ளைகளுக்கு இடப்பக்கம் மண்ணீரல் வீங்கிக் கட்டி போல நிற்கும். அதைத் தடவிப் பார்ப்பதில் கை பழக வேண்டுமே என்று முதலில் தோட்டவெளிப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பிள்ளைகள் கூச்சத்தில் நெளிந்து சிரிக்க, நான் பெரிய டொக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வயிறாக அமத்தினேன். வாசலில் நின்று பார்த்த ஒரு தாய்க்குப் பொறுக்கவில்லை.

"ஏன் தம்பி, வீட்டில என்ன கறி எண்டு பிள்ளையிட்ட வாயால கேட்டாச் சொல்லாதோ?"

கொல்லன் தெருவில் ஊசி

கிணற்றில் குளத்துச் சின்ன மீன்களை விட்டால் அவை புழுவைத் தின்றுவிடும். இதுதான் எங்கள் சுகாதாரக் கந்தோர் சொல்லித் தந்த வித்தை. மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கழுவி, மீனும் தண்ணீருமாகச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பேசாலைக்குப் போய் இறங்கினேன். கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழும்பி வந்துவிட்டார்கள். பேசாலைக்கு ஒருவன் மீன் கொண்டு வருகிறான் என்றால் சும்மாவா?

ஊரில் வள்ளமும் வலையும் வைத்திருந்த பெரிய புள்ளி சவிரிமுத்துச் சம்மாட்டியார். அவருடைய பெண்சாதி மரியக்கா, "குடிக்கிற தண்ணிக்குள்ள மீனோ? நாறாதோ?" என்று மூக்கைப் பொத்தினார். கருவாட்டுப் பந்தலுக்குக் கீழே நின்றுகொண்டு! நான் தகரத்துத் தண்ணீரை அள்ளி எல்லாருக்கும் முன்னால் மடமடவென்று குடித்துக் காட்டினேன். சம்மாட்டியார் தகரத்துக்குள் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"விடும் விடும். இதைக் கருவாடு போட்டா எறும்புக்கும் காணாது."

யாருடைய புதுமை?

மாரி வந்தது. வழக்கமாக அந்த மாதங்களில் பேசாலையில் பாதி ஆண்கள் போர்வைக்குள் கிடந்து நடுங்குவார்கள். அந்த முறை நடுக்கம் குறைந்தது. காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினாக் குளிசை கேட்டு ஆள் வராமல், போத்தலை நான்தான் சும்மா திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷத்தில் ஒரே புழுகம். சம்மாட்டியார் ஒருநாள் மாதா கோவில் வாசலில் என்னை மறித்தார்.

"இந்த மாரிக்கு என்ர வலை இழுக்க ஆள் குறையேல்லை. மாதா செய்த புதுமையோ, உம்மட மீன் செய்த புதுமையோ எண்டுதான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

துரைக்கு மரியாதை

துரை அடுத்த கிழமை வருகிறார் என்று தந்தி வந்தது. ஊருக்குச் சொன்னேன். அதுதான் நான் செய்த விசர் வேலை. இரண்டு நாள் கழித்துப் போனால் ஊரே பளிச்சென்று இருக்கிறது. பெருநாளுக்குச் செய்வது போல மரியக்கா பெண்களைக் கூட்டி, கிணறுகளை அடிமட்டம்வரை இறைத்து, சேறு வாரி, சுண்ணாம்பும் அடித்திருந்தார். மீன்கள்? சேற்றோடு சேர்ந்து வாழையடியில் காய்ந்து கிடந்தன.

ஊறுகிற புதுத் தண்ணீரில் துரை வருவதற்குள் புழு நெளியும். நான் கிணற்றுக்கட்டில் குந்திவிட்டேன். மரியக்கா என் முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"ஐயோ தம்பி, துரை எட்டிப் பாக்கேக்க ஊத்தையா இருந்தா உங்களுக்கெல்லோ வெக்கம் எண்டு இறைச்சனாங்கள்!"

முருங்கன் குளத்தில் கடலோடிகள்

சம்மாட்டியார் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "என்ர பெடியளைத் திரும்ப நடுங்க விடமாட்டன். வெளிக்கிடுங்கோடா!" என்றார். தகரங்களோடு எல்லாரும் புது மீன் பிடிக்க முருங்கனுக்கு ரயில் ஏறினோம். சுறா பிடிக்கிற கூட்டம் வயல்காரர் குளத்தில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறது. கொண்டுபோன வலையின் கண்களுக்குள்ளால் மீனெல்லாம் குதியாட்டம் போட்டுத் தப்புகிறது! சம்மாட்டியாருக்கு ரோசம் வந்துவிட்டது. கந்தோர் எனக்குப் படுக்கத் தந்திருந்த நுளம்பு வலையை என் பையிலிருந்து உருவினார். ஒரு வளைப்பில் தகரம் நிறைந்தது. குளக்கட்டில் உடுப்புத் தோய்த்த பெண்ணொருத்தி வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்:

"என்ன அண்ணை, பேசாலையில கடல் வத்திப்போச்சோ?"

துரை வந்த நாள்

துரை வந்தார். கிணறு கிணறாகக் கோலினார். புழு இல்லை. மருந்துக்குக்கூட ஒன்று இல்லை! பிள்ளைகளின் வயிறுகளைத் தடவினார், கட்டிகள் வற்றியிருந்தன. என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேலை நிரந்தரம், அடுத்த மாதம் கொழும்பில் படிப்பு, பிறகு காய்ச்சல் உள்ள வேறு நாடுகளுக்கும் அனுப்புவேன் என்றார். நான் வானத்தில் மிதந்தேன். எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகத் தமிழிலும் சொன்னேன். ஊர் அழும், விடமாட்டோம் என்று மறிக்கும் என்று ஒரு நப்பாசை. மரியக்கா முன்னால் வந்து துரையைப் பார்த்துச் சொன்னார்:

"ஆளைத் தாராளமாக் கொண்டு போங்கோ துரை, மீனை மட்டும் விட்டிட்டுப் போங்கோ!"

நம் தொழிலில் ஒருவன் கெட்டிக்காரன் என்பதற்கு அடையாளம், அவன் போனாலும் ஊருக்கு ஒன்றும் குறையாமல் இருப்பதுதான் என்றால், பேசாலையில் என்னை விடக் கெட்டிக்காரன் வேலை பார்த்ததே இல்லை.