வசந்தா அக்கா பாஸ் பண்ண போர்டு

போன வாரம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் செல்போன் ரிப்பேர்காரர் ஒருவர் ஈயம் உருக்கிக்கொண்டிருந்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் வசந்தா அக்கா ஞாபகம் வந்துவிட்டது. நல்ல ஞாபகம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில், இரும்புலியூரில் பழைய கம்ப்யூட்டர்களை உடைத்து, ஈயம் உருக்கிப் பாகங்களைக் கழற்றி விற்கும் கடையில் எனக்கு முதல் வேலை. டை கட்டிக்கொண்டு போனேன். முதலாளி என் கையில் ஸ்க்ரூடிரைவரைத் திணித்தார். அடுத்த மேஜையில் வசந்தா அக்கா. ஐம்பதை நெருங்கியவர். அரசாங்கக் கம்ப்யூட்டர் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தவர்.

"அப்பல்லாம் வெளிநாட்டு மெஷின் வாங்க டெல்லில பர்மிஷன் வேணும்ப்பா. நாமளே செய்யணும்னு பாலிசி. அதான் எங்களுக்கு வேலை. அப்புறம் பர்மிஷன் வேணாம்னுட்டாங்க. நாங்களும் வேணாம்னு ஆயிட்டோம்" என்பார், தயிர்சாதம் பிசைந்துகொண்டே.

ஒருநாள் ஏதோ கல்லூரி வேண்டாமென்று கழித்த, பீரோ உயரக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அக்கா உள்ளிருந்து ஒரு சர்க்யூட் போர்டை உருவித் திருப்பினார். ஓரத்தில் சிவப்பு மையில் 'வ'.

"சார், இது நான் பாஸ் பண்ண போர்டு. இது ஒண்ணை மட்டும் எடுத்துக்கட்டுமா?"

"வூட்ல மாட்டி பூஜை பண்ணப் போறியாம்மா? நீயே ஒடை. எங்க இன்னா கீதுன்னு உனக்குத்தான் தெரியும்" என்றார் முதலாளி.

எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் சத்தமாகவே. வேலை நிரந்தரமாகாத காலம்.

இரண்டு நாள் அக்கா அந்த மெஷினை உடைத்தார், 'வ' போர்டை மட்டும் கடைசிக்குத் தள்ளிவைத்து. எனக்கு மனசு கேட்கவில்லை. அவரிடம் கொடுக்கலாமென்று அந்தப் போர்டை யாருக்கும் தெரியாமல் என் பையில் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் முதலாளி ஒன்று குறைவதைக் கண்டுபிடித்தார். நேராக அக்காவின் பையை வாங்கி மேஜையில் கொட்டினார். டிபன் பாக்ஸ், மாத்திரை அட்டை, ரயில் பாஸ்.

"எங்கம்மா ஒளிச்ச?"

"கேட்டேன், நீங்க குடுக்கல. அதோட விட்டுட்டேன் சார்."

"நாளைலேர்ந்து வராத."

அக்கா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். என் பை என் காலடியில் இருந்தது. நான் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் போர்டை ஏரியில் எறிந்தேன். அடுத்த மாதம் வேலை நிரந்தரமானது. அக்காவின் மேஜையும் எனக்குத்தான்.

இரண்டு வருஷம் கழித்துத் தாம்பரம் ஸ்டேஷனில் அவரே கூப்பிட்டார்.

"வேலை பெர்மனன்ட் ஆச்சாப்பா?"

"ஆச்சுக்கா."

"நல்லது" என்று வண்டி ஏறிவிட்டார்.

இப்போது அந்தக் கடை இல்லை. ஏரியின் அந்த ஓரத்தில் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. அக்கா இருக்கிறாரா என்று விசாரிக்கக்கூட இரும்புலியூரில் எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.