ஏரிக்கு அக்கரையில் போய்ச் சேர்ந்த படங்கள்

அந்த ஸ்கேன் சென்டரில் அவனை எல்லோரும் ‘ஒயர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பிரிண்டர், கம்ப்யூட்டர், மொட்டை மாடியில் நிற்கும் ஆன்டெனா என்று எது மக்கர் பண்ணினாலும் அவன் தலையில்தான் விடியும். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் அவனுடைய அக்கா. டாக்டர் படத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் அடிப்பவள். பத்தொன்பது வருட சர்வீஸ். தனக்கென்று ஒன்றும் பார்த்துக்கொள்ளாமல் தம்பியைப் படிக்க வைத்தவள்.

தலைமை மருத்துவமனை ஏரிக்கு அக்கரையில் இருந்தது. தண்ணீரைத் தாண்டிப் போகிற வயர்லெஸ் இணைப்பில் ஒரு ஸ்கேன் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆகும். அதனால்தான் இங்கேயே ஒரு டாக்டர், ஒரு டைப்பிஸ்ட்.

“தண்ணி மேல வர்ற சிக்னல் சார், இவ்ளோதான் வரும்” என்று இணைப்பு கொடுத்த கம்பெனி ஆள் கையை விரித்துவிட்டான். ஒயருக்கு அது பொறுக்கவில்லை. மூன்று மாதம் சாப்பாட்டு நேரத்தில்கூடத் திரை முன்னால் உட்கார்ந்து, துண்டு துண்டாகப் போகிற படத்தில் கிளம்பியது எத்தனை துண்டு, சேர்ந்தது எத்தனை என்று பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் பிடிபட்டது. நூற்றுக்கு இரண்டு துண்டு காற்றில் தொலைகிறது. தொலைந்ததும், வழியில் நெரிசல் போலிருக்கிறது என்று அனுப்பும் கம்ப்யூட்டர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. நெரிசலாவது மண்ணாவது! பாதை காலியாகத்தான் கிடந்தது. துண்டு தொலைந்தாலும் வேகத்தைக் குறைக்காதபடி மாற்றினான். தொலைந்ததை அந்தப் பக்கமே கணக்குப் போட்டு மீட்டுக்கொள்ள, கூடவே சில உபரித் துண்டுகளையும் அனுப்பினான். நாற்பது நிமிடம் நான்காயிற்று.

அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தவள் அக்காதான். “என் தம்பியாக்கும்!”

இரண்டே மாதம். படங்களை இனி அக்கரையிலேயே பார்த்து ரிப்போர்ட் அடித்துக்கொள்வார்கள் என்று உத்தரவு வந்தது. டாக்டருக்குச் சொந்த கிளினிக் இருந்தது, போய்விட்டார். அக்கா மேஜை டிராயரைக் காலி செய்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

“சீக்கிரம் போகணும்னு உன்கிட்ட யாருடா கேட்டா?”

“யாரும் கேக்கலக்கா.”

“பின்ன எதுக்குடா செஞ்ச?”

“முடியாதுன்னு கம்பெனிக்காரன் சொன்னான். அதான்...”

அக்கா கண்ணாடிக் கூட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அவன் மேனேஜரிடம் போய் நின்றான். “அக்காவுக்கு வேற எதாவது வேலை குடுங்க சார். கேஷ்ல, ரிசப்ஷன்ல, எங்கயாவது.”

“என் கையில என்னப்பா இருக்கு? நல்ல சேதி ஒண்ணு சொல்றேன் கேளு. உன் முறையை, இதே மாதிரி வயர்லெஸ்ல ஓடற மத்த பன்னெண்டு கிளையிலயும் போடச் சொல்லிட்டாங்க. நீதான் போய்ப் போட்டுட்டு வரணும்.”

முடியாது என்று சொல்ல வாய் வரை வந்தது. வீட்டில் சம்பாதிக்கிற ஆள் இப்போது அவன் ஒருவன்தான். மென்று விழுங்கிவிட்டுக் கிளம்பினான்.

மூன்றாவது கிளையில் டைப்பிஸ்ட் ஒரு நடுவயது அம்மாள். தன் நாற்காலியையே அவனுக்கு இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க தம்பி. இனிமேலாவது படம் சீக்கிரம் போகுமா? லேட்டானா டாக்டர் என்மேலதான் எரிஞ்சு விழறாரு.”

“போகும்மா” என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

“நீங்க நல்லா இருக்கணும்” என்று சொல்லிவிட்டு, அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரப் போனாள். அவன் கீபோர்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான்.