மடியில் வந்த தக்காளி நாற்றுகள்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு புரட்டாசி மாத மதியம். குன்னூர் பஸ் நிலையத்தில், கூடலூர் பஸ்ஸின் பின்பக்கப் படியில் பத்துத் தட்டு தக்காளி நாற்றோடு நான் நின்றுகொண்டிருந்தேன். கண்டக்டர் என்னையும் தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்கக்கா, பஸ்ஸுல நாங்களும் வரலாமுங்களா, இல்ல உங்க தோட்டம் மட்டுந்தானுங்களா?" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்லி வைத்திருந்த பிக்கப் வண்டி காலையில்தான் பழுதாகி ஒர்க் ஷாப்புக்குப் போயிருந்தது. நாற்று அன்றைக்கே போயாக வேண்டும்.

அது சாதாரண நாற்று இல்லை. ஒட்டு நாற்று.

நான் குன்னூருக்குக் கீழே, வெயில் கொஞ்சம் படுகிற ஒரு கிராமத்தில் இருக்கிறேன். என் பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். நானும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே எஸ்டேட்டில் கொழுந்து பறித்தேன். ஒரு மழை நாளில் சரிவில் வழுக்கி விழுந்து முழங்கால் போனது. அதன்பிறகு கூடையைச் சுமந்துகொண்டு மேடேற முடியவில்லை. வீட்டில் சும்மா இருந்தபோது, எங்கள் மகளிர் குழுவிலிருந்து மூன்று பேரை நாற்று ஒட்டுக் கட்டும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அதில் நானும் ஒருத்தி.

வேலை கேட்பதற்கு எளிது. மண்ணில் இருக்கும் வாடல் நோய் தக்காளியின் வேர் வழியாக ஏறிச் செடியைக் கொன்றுவிடும். அந்த நோயைத் தாங்கும் ஒரு வகைக் கத்தரி இருக்கிறது. அந்தக் கத்தரி நாற்றின் தலையை வெட்டிவிட்டு, தண்டை நடுவில் கீறி, தக்காளி நாற்றின் தலையை ஆப்பு மாதிரி சீவி அதில் செருகி, சின்ன கிளிப் ஒன்றைப் போட்டுவிட வேண்டும். அடியில் கத்தரி வேர், மேலே தக்காளி. பிறகு ஒரு வாரம் காற்று புகாத பிளாஸ்டிக் கூடாரத்துக்குள், ஈரத்திலும் இருட்டிலும் வைக்க வேண்டும். நாங்கள் அதற்கு ஐ.சி.யூ. என்று பெயர் வைத்திருந்தோம். முதல் முறை எங்களில் யாருக்கும் பொறுமை இல்லை. ஒட்டியதா, ஒட்டியதா என்று ஆளாளுக்குக் கூடாரத்தைத் திறந்து பார்த்து, மொத்த நாற்றையும் சாகடித்தோம். அடுத்த முறை கூடாரத்தைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டோம். அது பிழைத்தது.

ஆனால் வாங்கத்தான் ஆள் இல்லை. கத்தரியில் தக்காளி காய்க்குமா, காய்த்தால் கத்தரிக்காய் ருசி வருமா என்று கேட்டுவிட்டுப் போனவர்களே அதிகம். எங்களை நம்பி முதன்முதலாகக் கேட்டவர் கூடலூருக்கு அருகில், தேவர்சோலைப் பக்கம் சின்னதாக நிலம் வைத்திருக்கும் ஒரு பெண். யார் மூலமோ எங்கள் நம்பர் கிடைத்துப் போன் செய்து, மலையாளம் கலந்த தமிழில் பேசினார்.

"ரெண்டு தடவ நட்டேன் சேச்சி. காய் பிடிக்கிற நேரத்துல, காலையில நல்லா இருந்த செடி சாயங்காலம் தலைய தொங்கப்போட்டுருது. இந்த தடவையும் போச்சுன்னா நாங்க திருப்பூர் போயிருவோம், கேட்டோ. அவரு பனியன் கம்பெனியில சொல்லியே வச்சுட்டாரு."

அவர் அதை அழுதபடி சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு அது இன்னும் அதிகமாக உறைத்தது. மண்ணை வரிசை வரிசையாக மேடு கட்டிப் பார் போட்டு, நிலத்தைத் தயார் செய்துவிட்டு அவர் காத்திருந்தார். எங்கள் நாற்றும் நடுகிற பதத்துக்கு வந்திருந்தது. இன்னும் தள்ளிப்போனால் தட்டிலேயே முற்றிவிடும்.

கண்டக்டர் சிரித்தாலும் நல்ல மனிதர். கடைசி சீட்டைக் காலி செய்து, தட்டுகளை வரிசையாக வைக்க உதவினார். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஊட்டியில் பஸ் நிறைந்தது. பைக்காரா தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரங்கள் காற்றில் இப்படியும் அப்படியும் ஆடின.

அதற்குப் பிறகு நடந்தது கண் மூடித் திறப்பதற்குள். முன்னால் பெரிய சத்தம். டிரைவர் பிரேக் போட்டார். சாலைக்குக் குறுக்கே ஒரு மரம் சாய்ந்து கிடந்தது. எல்லாரும் எழுந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பின்னால் ஒரு கிளை முறிந்து பஸ்ஸின் பின் கண்ணாடி மேல் விழுந்தது. கண்ணாடி பொடிப்பொடியாக உதிர்ந்தது. நல்லவேளையாக யாருக்கும் அடியில்லை. என் கையில் மட்டும் ஒரு சிராய்ப்பு.

ஆனால் அந்த ஓட்டை வழியாக மழையும் குளிர்காற்றும் நேராக நாற்றின் மேல் அடித்தன. ஒட்டுப்போட்ட இடம் கூடியிருந்தாலும் இன்னும் பச்சைப்புண்தான். காற்று உலுக்கினால் அந்த இடத்திலேயே முறியும். என் கண்ணெதிரில் ஓரத்துத் தட்டில் ஒவ்வொரு தலையாகச் சாய்ந்தது. நான் புடவை முந்தானையை விரித்து இரண்டு தட்டை மறைத்தேன். மற்றதை எப்படி மறைப்பது? எனக்கு இருப்பதோ இரண்டு கை. "ஐயோ, ஐயோ" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

முன் சீட்டிலிருந்த ஒரு அம்மா திரும்பி, "ஆளுக்கு ஒண்ணும் ஆகலைல்ல? நாத்துதானே, வேற வாங்கிக்கலாம் விடு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. குழுக் கூட்டத்தில்கூட வாய் திறக்காதவள் நான். அன்றைக்கு அந்த பஸ்ஸில் நின்றுகொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி பேசினேன்.

"வேற வாங்க முடியாதுங்க. இது கடையில கிடைக்காது. ஒவ்வொரு செடியையும் நாங்க மூணு பேரு பிளேடால வெட்டி ஒட்டுனது. கீழ கத்தரி, மேல தக்காளி. தேவர்சோலையில ஒரு குடும்பம் இதுக்காகக் காத்திருக்கு. இது போகலைன்னா அவங்க ஊர விட்டே போயிருவாங்க."

அப்புறம் ஊட்டி பஜாரிலிருந்து ஏறிய ஒரு பாய் எழுந்தார். வாரா வாரம் கூடலூர்ப் பக்கம் சரக்கு போடப் போகிற வியாபாரி. மேஜை விரிப்பாகப் போடும் பூப்போட்ட பிளாஸ்டிக் ஷீட், ரோல் ரோலாகக் கொண்டு வந்திருந்தார். ஒரு ரோலைப் பிரித்து, சர்ரென்று உருவினார். "கண்டக்டர் தம்பி, அந்தப் பக்கம் பிடிங்க" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து உடைந்த ஜன்னலுக்குக் குறுக்கே அதைக் கட்டினார்கள். காற்று அதையும் பிய்க்கப் பார்த்தது. இரண்டு இளைஞர்கள் ஓடிவந்து ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அப்படியும் இங்க வச்சா தாங்காது. முன்னால கொண்டு வாங்க" என்றார் கண்டக்டர்.

வைக்க இடம்? பஸ் முழுக்க ஆள். அப்போது, வேறு வாங்கிக்கொள்ளச் சொன்ன அதே அம்மா மடியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தார். "இங்க வை" என்று மடியைக் காட்டினார். நான் ஒரு தட்டை எடுத்து அவர் மடியில் வைத்தேன். பக்கத்து சீட்காரர் கையை நீட்டினார். அவருக்கு ஒன்று. பைக்காராவில் படகு சவாரி முடித்து ஏறிய புதுத் தம்பதிக்கு ஒன்று. ஒன்பது தட்டும் ஒன்பது மடியில் போய் உட்கார்ந்தன. பத்தாவதில் பாதிக்கு மேல் முறிந்திருந்தது. அதை நானே வைத்துக்கொண்டேன்.

மரத்தை அறுத்து வழிவிட நெடுநேரம் ஆனது. அந்த நேரம் முழுவதும் ஆள் ஆளுக்குக் கேள்வி கேட்டார்கள். இந்த கிளிப் எதற்கு, எப்போது எடுக்க வேண்டும், மிளகாயிலும் இப்படிச் செய்யலாமா என்று. நான் சீட் சீட்டாகப் போய்ப் பதில் சொன்னேன். அந்தப் புதுப்பெண் ஒட்டுப்போட்ட இடத்தைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு, "தையல் மாதிரி இருக்குங்க" என்றாள். டிரைவர்கூட இறங்கிப்போய் மரத்தைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து என் நாற்றைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, எனக்குத் தெரிந்த ஒன்றை இத்தனை பேர் காது கொடுத்துக் கேட்டார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் கூடலூரில் இறங்கினோம். ஒவ்வொருவரும் தன் தட்டைத் தானே கொண்டுவந்து கீழே வைத்தார். பாய் அந்த ஷீட்டையும் கழற்றி, தட்டுகள் மேல் போர்த்திக் கொடுத்துவிட்டார். எவ்வளவு சொல்லியும் திரும்ப வாங்கவில்லை. "செடி பிழைக்கட்டும், போங்க" என்றார்.

தேவர்சோலைப் பெண் தன் கணவரோடு பஸ் நிலையத்தில் காத்திருந்தார். மரம் விழுந்த சேதி அவருக்கு முன்பே எட்டியிருந்தது. எல்லாம் போச்சு என்றே நினைத்திருக்கிறார். தட்டுகளைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றிரவு அவர்கள் வீட்டில் தங்கி, விடிந்ததும் மூன்று பேருமாக நட்டோம். ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும், மண் அணைத்தால் தக்காளி அங்கே வேர்விட்டு நோயை வாங்கிவிடும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். முறிந்த நாற்றுகளால் கடைசி இரண்டு பார் காலியாக நின்றது. அந்த இடத்தில் அவர் வீட்டில் இருந்த சாதாரண தக்காளி நாற்றை நட்டார். அவர் கணவர் கடமைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஒதுங்கி நின்றார். திருப்பூர்ப் பேச்சை அவர் இன்னும் விடவில்லை.

நான் ஊர் திரும்பி, தினமும் போன் செய்தேன். பூ வந்தது. பிஞ்சு வந்தது. பிறகு ஒருநாள் காலை அவரே கூப்பிட்டார். "சேச்சி, வாட ஆரம்பிச்சிருச்சு" என்றார். எந்தப் பார் என்றுகூடக் கேட்காமல் போனை வைத்தேன். அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

தோட்டத்தில் இறங்கியதும் பார் பாராகப் பார்த்துக்கொண்டே போனேன். வாடியிருந்தது கடைசி இரண்டு பார் மட்டும்தான். சாதாரண நாற்று அத்தனையும் தலை தொங்கிக் கிடந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி, எங்கள் செடிகள் இலை விறைத்து, கொத்துக் கொத்தாகப் பிஞ்சோடு நின்றன. நான் வாடிய தண்டு ஒன்றை அறுத்து, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி நிறுத்தினேன். சற்று நேரத்தில் அதன் அடியிலிருந்து பால் மாதிரி வெள்ளை நூல் இறங்கியது. அந்த நோய்தான். மண்ணில் அது அப்படியே இருந்தது. எங்கள் செடியை மட்டும் அதால் தொட முடியவில்லை.

அவர் கணவர் அந்த டம்ளரைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு தோட்டத்துக்குள் போய், ஒட்டுச் செடி ஒவ்வொன்றுக்கும் குச்சி நட்டுக் கட்ட ஆரம்பித்தார். காய் கனம் தாங்காமல் சாய்ந்துவிடக் கூடாதாம். அவர் மனைவி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "திருப்பூருக்குப் போன் பண்ணி, வரலைன்னு சொல்லிருங்க" என்று குரல் கொடுத்தார். "நேத்தே சொல்லிட்டேன்" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.

அந்தத் தக்காளி மழைக்காலம் தாண்டியும் காய்த்தது. முதல் பறிப்பில் ஒரு பை நிறையக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் குழுவில் மூன்று பேரும் பங்கு போட்டு ரசம் வைத்தோம். கத்தரிக்காய் ருசி கொஞ்சமும் இல்லை! அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் அந்த இரண்டு பாரையும் மற்றதையும் நேரில் பார்த்தவர்கள். அடுத்த பருவத்துக்கு அவர்களே தேடிவந்து நாற்று கேட்டார்கள். முறிந்த செடிகளுக்காக அன்று பஸ்ஸில் எவ்வளவு வருத்தப்பட்டேன்! அந்த இரண்டு பார் காலியாகாமல் இருந்திருந்தால், இத்தனை பேர் இவ்வளவு சீக்கிரம் நம்பியிருக்க மாட்டார்கள்.

இப்போது எங்கள் கூடாரம் ஒன்று மூன்றாகியிருக்கிறது. எஸ்டேட் வேலையை விட்ட இன்னும் சில பெண்கள் எங்களோடு பிளேடு பிடிக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எழுந்து நிற்கும்போது என் குரல் நடுங்குவதில்லை. பிழைப்புக்காக நான் கற்றுக்கொண்ட ஒரு வேலை, முன்பின் தெரியாதவர்கள் தங்கள் மடியில் வாங்கிச் சுமக்கும் அளவுக்குப் பெரியது என்று எனக்கு அந்தப் பயணத்தில்தான் தெரிந்தது. அன்று என் மேல் ஏறிக்கொண்ட அந்தப் பெருமை இன்னும் இறங்கவே இல்லை.