கடலடி மண்ணும் அம்மா கேட்ட கேள்வியும்

போன வருஷம் மாசிக் கடைசியில, இலங்கையில காலி ஊருக்குத் தெற்கே நடுக்கடல்ல ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பல்ல இருந்தேன். கடலடி மண்ணை எடுத்துப் பார்க்கிறதுதான் என் வேலை. ஹல்துமுல்லைப் பக்கம் மலையில தேயிலைத் தோட்ட லயத்துல பொறந்தவளுக்குக் கடல்ல என்ன வேலைன்னு கேக்குறீங்களா? நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப எங்க தோட்டத்துல மண்சரிவு வந்து அப்பாவை மூடிடுச்சு. பெக்கோ மெஷின் வச்சுத் தோண்டியும் கிடைக்கல. அந்த மண்ணு மேல இருந்த கோவத்துலதான் மண்ணைப் பத்தியே படிச்சேன்.

அம்மா இன்னும் கருமாதி பண்ண விடல. "ஆளைக் கண்ணால பாக்காம பொட்டை எப்படி அழிக்கிறது?"ன்னு கேட்டுட்டு, பொட்டோடதான் கொழுந்தெடுக்கப் போகும். சொந்தக்காரங்க பேசாத பேச்சில்ல. அது காதுலயே வாங்காது.

அன்னைக்கு ரோபோவைக் கடலடிக்கு இறக்கினதை இன்டர்நெட்ல நேரலையாக் காட்டினாங்க. அம்மா வேலைக்குப் போகாம, சிக்னலுக்காகத் தேயிலை மலை உச்சிக்கே ஏறி, பக்கத்து வீட்டு அக்கா போன்ல பார்த்துச்சு. வெள்ளை நட்சத்திர மீன், கண்ணாடி மாதிரி கடல் அட்டைன்னு என்னென்னமோ வந்துச்சு. ரோபோ கை ஒரு குழாயை மெதுவா மண்ணுக்குள்ள இறக்கி, கலங்காம எடுத்துச்சு. எனக்குச் சந்தோஷத்துல தலைகால் புரியல.

வேலை முடிஞ்சதும் அந்த அக்கா போனுக்கே அம்மாவைக் கூப்பிட்டு வாய் ஓயாம அளந்தேன். கடலுக்குள்ளயும் மலை இருக்கும்மா, அங்கயும் மண்சரிவு வரும், நாங்க எடுத்ததே அப்படிச் சரிஞ்ச மண்ணுதான்னு. ஐயோ, சொன்னப்புறம்தான் நாக்கைக் கடிச்சேன்.

போன்ல மலைக்காத்து இரைஞ்சுச்சு. அப்புறம் அம்மா மெல்லக் கேட்டுச்சு: "ஏன் பாப்பா, அந்த மெஷினு நம்ம மண்ணுக்குள்ளயும் போகுமா?"

அந்தக் குழாய் ரெண்டு சாண்கூட இறங்காது, அது தண்ணிக்குள்ள மட்டுந்தான் ஓடும்னு விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்துச்சு. "போகாதும்மா"ன்னு மட்டும் சொன்னேன்.

"சரி சரி, அழுவாத. கடல் காத்து ஆகாது, காதை மூடிக்க"ன்னு சொல்லிட்டு அம்மா வச்சிடுச்சு.

இப்பவும் ஆய்வுக்கூடத்துல அந்த மண்ணைத் தொட்டா அம்மா கேட்டதுதான் ஞாபகம் வருது. யாரும் பாக்காத ஆழத்துல இருந்து ஒரு பிடி மண்ணைக் கலங்காம கொண்டு வரத் தெரிஞ்ச எனக்கு, எங்க தோட்டத்து மண்ணுல இருந்து அப்பாவை எடுத்து அம்மாவுக்கு ஒரு தடவை காட்ட வழி தெரியலையே.