கற்படுக்கை ஓரத்துக் கிழங்கு

உழவாரப் பணிக்குப் போகிறவனுக்கு ஒரு திமிர் வந்துவிடும். எனக்கும் வந்திருந்தது. தல்லாகுளத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் நான், ஞாயிறானால் ஆட்களைத் திரட்டிக்கொண்டு பழைய கோயில்களில் புல் செதுக்கக் கிளம்பிவிடுவேன். கோபுரத்தில் முளைத்த அரசங்கன்று கல்லைப் பிளப்பதைப் பார்த்துப் பார்த்து, கல்லில் எது பச்சையாகத் தெரிந்தாலும் எனக்குக் கை அரிக்கும்.

வாடிப்பட்டிப் பக்கம் ஒரு குன்றில் சமணர் குகை இருக்கிறது. துறவிகள் படுத்த கற்படுக்கைகளும், மேலே பாறையில் வெட்டிய பழைய எழுத்துகளும் உண்டு. அங்கேதான் டீச்சர் பழக்கமானார். பசுமலையில் ஒரு பள்ளியில் அறிவியல் பாடம் எடுப்பவர்; குன்றுச் செடிகளைப் படமெடுக்க வருவார். சுற்றியிருந்த குன்றுகளைக் குவாரி தின்றுவிட்டது, எழுத்து இருப்பதால் இது தப்பித்தது, கூடவே செடிகளும் தப்பித்தன என்பார். "எழுத்தப் பாக்க வாரவங்க செடிய மிதிச்சுட்டுல்ல போறாங்க" என்று அலுத்துக்கொள்வார்.

படுக்கை ஓரத்து வெடிப்பில் இருந்த ஒன்றை எனக்குக் காட்டினார். கட்டைவிரல் நகம் அளவுக்கு இரண்டே இலை, அடிப்பக்கம் ஊதா. கீழே கிழங்கு இருக்கிறதாம். வேறெங்கும் அவர் அதைப் பார்த்ததில்லை. பூத்தால்தான் என்ன செடி என்று சொல்ல முடியும், இந்த மழைக்குப் பூத்துவிடும் என்று காத்திருந்தார். நான் தலையாட்டினேன்.

மழை பெய்தது. குகையெல்லாம் புல் மண்டிவிட்டதென்று எங்கள் குழுவைக் கூட்டிக்கொண்டு போனேன். அன்று டீச்சர் வரவில்லை. வேரோடு பிடுங்குங்கள், வேரோடு பிடுங்குங்கள் என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டே நானும் பிடுங்கினேன். ஒரு கைப்பிடிப் புல்லோடு சின்ன வெங்காயம் மாதிரி ஒரு கிழங்கு வந்தது. இலையைத் திருப்பிப் பார்த்தேன். ஊதா.

அப்போதே திரும்ப நட்டிருக்கலாம். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கிழங்கு முழுசாக, ஈரமண்ணோடு, என் கையில் இருந்தது. ஆனால் சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். அதுவரை கத்திய வாயால் இதை மட்டும் விடுங்கள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. குப்பையோடு குப்பையாகப் பாறைக்குக் கீழே வீசிவிட்டேன். மறுநாள் காலை கடையைத் திறக்காமல் போய்த் தேடினேன். குவியலை ஆடுகள் மேய்ந்துவிட்டிருந்தன.

அடுத்த வாரம் டீச்சர் வந்து, வெறும் வெடிப்பின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"யாருண்ணே பிடுங்குனது?"

"தெரியலையே டீச்சர்" என்றேன், கூசாமல்.

பிறகு அவரே தன்னைத் தேற்றிக்கொண்டார். "இலைதான போயிருக்கு. கிழங்கு உள்ள கெடக்கும். வந்துரும்ணே."

அதற்குப் பிறகு மழை பொய்த்துவிட்டது. வாராவாரம் அவர் பஸ் மாறி வந்து, அந்த வெடிப்பில் பாட்டில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவார். பக்கத்தில் நின்று நானும் குனிந்து பார்ப்பேன், ஏதாவது முளைத்திருக்கிறதா என்று. என்னைப் போல ஒரு நடிகன் மதுரையிலேயே கிடையாது.

இனி சுத்தம் செய்ய வந்தால் அந்த இடத்தைத் தொடக் கூடாதென்று குழுவிடம் நான்தான் சொல்ல வேண்டுமாம். "நீங்க சொன்னா கேப்பாங்கண்ணே." அடுத்த முறை நாங்கள் போனபோது அவரும் வந்திருந்தார். நான் வெடிப்பின் அருகே காவலுக்கு நின்றுகொண்டு, "இங்க யாரும் கை வைக்காதீங்கப்பா" என்றேன்.

குழுவில் ஒருவர் களைக்கொத்தியும் கையுமாகச் சிரித்தார். "என்னண்ணே, போன தடவ இந்த எடத்துல நீங்கதான உக்காந்து பிடுங்குனீங்க? ஒரு வேர் மிஞ்சக் கூடாதுன்னு எங்கள அம்புட்டு வெரட்டுனீங்களே!"

டீச்சர் அப்போதுதான் பாட்டில் மூடியைத் திறந்திருந்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருக்கலாம்.

"கிழங்கும் வந்துருச்சாண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா டீச்சர்."

மூடியைத் திருகி, தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.