செருப்பு வாங்கப் போன நாள்

என் வயிற்றில் வீங்கியிருந்த பெரிய இரத்தக்குழாய்க்குள், டாக்டர்கள் தொடை வழியாகச் செயற்கைக் குழாய் வைத்தார்கள். கால் வலித்தாலோ குளிர்ந்தாலோ உடனே வரச் சொன்னார்கள்.

மூன்றாம் மாதம் நடக்கும்போது இடது கால் வலித்தது. சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் திரும்ப ஆஸ்பத்திரியில் படுக்கப் பயம். செருப்பு சரியில்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, புதியது வாங்கக் கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன்.

செருப்பு மாட்டிவிட்ட கடைக்காரர் என் இரண்டு பாதங்களையும் தொட்டுப் பார்த்தார்.

"என்ன அண்ணே, இந்தக் கால் மட்டும் ஐஸ் மாதிரி இருக்கு?"

"குளிருக்குத்தான்."

"குளிர் ஒத்தக் காலுக்கு மட்டுமா வரும்?"

வயிற்றில் குழாய் வைத்ததைச் சொன்னேன். உடனே கடையைப் பூட்டிவிட்டு என்னை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். குழாயில் இடது காலுக்குப் போகும் கிளை அடைத்திருந்தது. அன்றே அடைப்பை எடுத்தார்கள். கால் தப்பியது.

இப்போது தினமும் காலையில் பாதங்களைத் தொட்டுப் பார்க்கிறேன். பிறகு மனைவியும் தொட்டுப் பார்க்கிறாள். என் வார்த்தையை அவள் நம்புவதில்லை.